தைல மரம் குடிக்கும் நீர் யாருடையது?

மானாவாரி நிலத்தில் தைல மரம் வைப்பது சரியா தவறா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், அது பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: இந்த மரம் அளவுக்கு மீறி நீரைக் குடிக்கிறதா? குடிக்கிறது என்று விவசாயச் சங்கங்களும் சூழலியலாளர்களும் சொல்ல, அதெல்லாம் கட்டுக்கதை என்று காகிதக்கூழ் ஆலைகளின் தரப்பு மறுக்க, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழக்கு முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது. இரு தரப்பாரும் ஆய்வுகளைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சரியானவை என்பதுதான் இதில் வேடிக்கை. அளந்ததில் பிழை இல்லை. அளந்த நீரை எதனால் வகுத்தார்கள் என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன.

தைல மரத்தின் அறிவியல் பெயரான யூகலிப்டஸ் என்பது ஒரே மரத்தின் பெயர் அன்று. 700-க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய பேரினம் அது. ஒரு சிலவற்றைத் தவிர அனைத்தும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவை. மொட்டின் மேல் தொப்பிபோல் கவிந்திருக்கும் மூடியை வைத்து, 'நன்கு மூடப்பட்டது' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் 1788-இல் அதற்குப் பெயரிட்டார்கள். தமிழில் தைல மரம் என்றும் கற்பூர மரம் என்றும் இடத்துக்கொரு பெயர் உண்டு. தைலப் புட்டியில் அச்சிட்டிருந்த வணிகப் பெயரே மரத்துக்கும் ஒட்டிக்கொண்டு, 'ஆர்.எஸ்.பதி மரம்' என்று அழைக்கும் ஊர்களும் இருக்கின்றன. இந்தியாவுக்கு இம்மரம் 1790 வாக்கில், திப்பு சுல்தானின் காலத்தில், நந்தி மலைத் தோட்டத்துக்கு வந்ததாகக் கூறப்படுகிறது. நீலகிரியில் 1843-இல் நடப்பட்டு, பிறகு விறகுக்காகப் பெருந்தோட்டங்களாகப் பரவியது. எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவைச் சுற்றி விறகே கிடைக்காமல் போக, தலைநகரை வேறிடத்துக்கு மாற்றும் எண்ணத்தில் இருந்த பேரரசர் இரண்டாம் மெனெலிக்கின் சிக்கலை 1890-களில் வந்திறங்கிய இந்த மரமே தீர்த்துவைத்தது. விறகுப் பஞ்சம் தீர்க்க வந்த மரமாகவே அது முதல் நூறு ஆண்டுகள் அறியப்பட்டது. உழுத வயலுக்குள் இறங்கிய பிறகுதான் அதன்மேல் ஊர்கள் வழக்குத் தொடுக்கத் தொடங்கின.

இந்தியாவில் அந்த இறக்கத்துக்குக் கொள்கை வடிவம் கொடுத்தது 1976-இல் அறிக்கை அளித்த தேசிய வேளாண் ஆணையம். கிராம மக்களுக்கு விறகும் தீவனமும் சிறுமரமும் அவர்கள் ஊரிலேயே கிடைக்க வேண்டும், அதனால் காடுகளின் மேலுள்ள அழுத்தம் குறைய வேண்டும் என்ற நோக்கத்தோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் பிறந்தது. உலக வங்கி முதலிய அமைப்புகளின் கடனுதவியோடு நாற்றங்கால்கள் பெருகின. இலவசமாகவோ பெயரளவு விலைக்கோ கன்றுகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பெரும்பங்கு தைல மரக் கன்றுகளாக இருந்ததும், அவற்றைப் பெரிய அளவில் வாங்கி நட்டவர்கள் விறகுக்குத் தவித்த ஏழைகளாக இல்லாமல் நிலம் மிகுதியாக வைத்திருந்தவர்களாக இருந்ததும், வளர்ந்த மரம் ஊர் அடுப்புக்குப் போகாமல் கூழ் ஆலைக்கும் நகரத்துக் கட்டுமானச் சாரத்துக்கும் போனதும் அந்தத் திட்டத்தின் கதை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் கேழ்வரகு விளைந்த நிலங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர்களில் தைல மரத் தோப்புகளாயின.

நட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மழையை நம்பி ஆண்டுதோறும் உழுது, விதைத்து, களையெடுத்து, விளைந்ததைப் பன்றிக்கும் பறவைக்கும் கொடுத்தது போக மிஞ்சியதை விற்றால் போட்ட முதல் திரும்புமா என்று தெரியாத ஒரு குடும்பத்துக்கு, ஒருமுறை நட்டுவிட்டு நான்கைந்து ஆண்டுகள் கவலையின்றி இருக்கலாம் என்பது சிறிய விஷயம் இல்லை. ஆடு மாடு இலையைத் தொடாது என்பதால் வேலி வேண்டாம். வெட்டிய பின் அடிக்கட்டையே மறுபடி துளிர்த்துவிடும் என்பதால் அடுத்த சுற்றுக்கு நடவுச் செலவும் இல்லை. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட வீட்டில், ஆள் தேடி அலையாமல் நிலத்தையும் கைவிடாமல், கல்யாணத்துக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ மொத்தமாக ஒரு தொகை கைக்கு வருகிறது. எத்தியோப்பியச் சிறுவிவசாயிகள் இதைச் சேமிப்புக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். நில உரிமையாளரின் வேலிக்குள் நின்று பார்த்தால் கணக்கு நேராகத்தான் இருக்கிறது.

இனி நீருக்கு வருவோம். ஒரு கிலோ மரத்தை உருவாக்க எத்தனை லிட்டர் நீர் செலவாகிறது என்று கேட்டால், தைல மரம் பல மரங்களைவிடச் சிக்கனமானது. ஆலைத் தரப்பு காட்டும் கணக்கு இதுதான். அதில் பொய் இல்லை. ஆனால் கிணற்றுக்கும் ஓடைக்கும் கிலோ தெரியாது. ஓர் ஏக்கரில் பெய்த மழையில் எவ்வளவு கீழே இறங்கியது, எவ்வளவு இலை வழியாகக் காற்றில் போயிற்று என்பதே அவற்றுக்குத் தெரியும். சிக்கனமான மரம் மிக வேகமாக வளர்ந்தால், ஏக்கருக்கு அது செலவழிக்கும் மொத்த நீர் கூடிவிடுகிறது. வயலில் நடக்கும் சண்டைக்கு ஏக்கர்க் கணக்கே பொருந்தும் என்பது என் கருத்து.

அந்தக் கணக்கை மிகக் கவனமாக எடுத்த இடங்களுள் ஒன்று கர்நாடகம். 1980-களின் இறுதியிலிருந்து பிரிட்டிஷ், இந்திய நீரியல் ஆய்வாளர்கள் அங்கே பல இடங்களில் மரத்துக்குள் ஏறும் நீரையும் மண்ணின் ஈரத்தையும் ஆழம் வாரியாக அளந்தார்கள். மண் அதிக ஆழமில்லாத இடங்களில் தைல மரத் தோப்பு செலவழித்த நீர், பக்கத்திலிருந்த இலையுதிர் காடு செலவழித்ததைவிட அதிகமாக இல்லை. ஆனால் காடும் தோப்பும் பெய்த மழை முழுவதையும் ஏறக்குறையக் குடித்துத் தீர்த்தன; கேழ்வரகு வயலோ அதில் பாதியளவையே எடுத்தது. ஆகவே காட்டோடு ஒப்பிட்டால் தைல மரம் குற்றவாளி இல்லை என்றும், வயலோடு ஒப்பிட்டால் இரட்டிப்பாகக் குடிக்கிறது என்றும் ஒரே ஆய்விலிருந்து இரண்டு தலைப்புகள் எழுத முடிந்தது. எழுதவும் செய்தார்கள்.

பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் கிடைத்த முடிவு இன்னும் கவலை தருவது. அங்கே மண் ஆழமானது; முன்பு பயிர் விளைந்த நிலம். மழை குறைந்த மூன்று ஆண்டுகளில் அங்கு மொத்தம் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்திருக்க, இளம் தைல மரங்கள் செலவழித்தது 3,400 மில்லிமீட்டர். வானம் கொடுக்காத 1,300 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? வேர்கள் ஆண்டுக்கு இரண்டரை மீட்டருக்கும் மேலாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. கேழ்வரகின் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடுவதால், அதற்குக் கீழே பல ஆண்டு மழையில் சேர்ந்திருந்த ஈரத்தை அதுவரை யாரும் தொட்டதில்லை. பயிர் அந்தந்த ஆண்டு வரவை வைத்துப் பிழைத்தது. மரம் இருப்பில் கை வைத்தது. ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 4,047 லிட்டர். 1,300 மில்லிமீட்டர் என்றால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 52 லட்சம் லிட்டர், அதாவது 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் 520 நடைக்கு மேல். அடுத்து வரும் மழை இந்தப் பள்ளத்தை நிரப்பிய பிறகே நிலத்தடி நீர்மட்டத்தை நோக்கி ஒரு சொட்டாவது இறங்க முடியும். மரம் நிற்கும்வரை அது நிரம்பவும் போவதில்லை.

மலைப்பகுதியில் எடுத்த அளவீடுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. நீலகிரியின் கிளென்மார்கன் பகுதியில் அருகருகே உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு மற்றொன்றின் பெரும்பகுதியில் தைல மரம் நட்டு ஒப்பிட்டபோது, முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வரும் நீர் 16 விழுக்காடும், வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது. மறுதுளிர்ப்பு மரம் பழைய வேரோடு புறப்படுவதால் முதல் நாளிலிருந்தே நீரை இழுக்கிறது. நடவுச் செலவு மிச்சம் என்று விவசாயி மகிழும் அதே இடத்தில் ஓடை இழக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மொகோபுலான் ஆய்வு நிலத்தில், தைல மரம் நட்ட மூன்றாம் ஆண்டே ஓடையின் நீர் குறையத் தொடங்கி, ஒன்பதாம் ஆண்டில் ஓடை முற்றிலும் வறண்டது. உலகெங்கிலும் இருந்து 500-க்கும் மேற்பட்ட ஆண்டு அளவீடுகளைத் திரட்டி 2005-இல் வெளியான தொகுப்பாய்வு, புல்வெளியிலும் புதர்நிலத்திலும் விளைநிலத்திலும் மரத்தோட்டம் போட்டால் ஓடைநீர் சராசரியாகப் பாதிக்கு மேல் குறைகிறது என்றும், 13 விழுக்காடு ஓடைகள் குறைந்தது ஓர் ஆண்டாவது முழுவதும் வற்றின என்றும் கண்டது. அது தைல மரத்தை மட்டும் பற்றியதன்று, பைன் முதலியவற்றையும் சேர்த்தது என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோலாரிலும் அதைப் போன்ற வறண்ட மாவட்டங்களிலும் கிணறுகள் வற்றியதற்குத் தைல மரத்தை மட்டும் காரணமாக்க முடியாது. கட்டுப்பாடின்றித் தோண்டப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளும் தூர்ந்துபோன ஏரிகளும் அதில் பங்காளிகள். சில ஊர்களில் வரிசையே தலைகீழ்: கிணறு வற்றியதால்தான் பாசனத்தைக் கைவிட்டுத் தைல மரம் வைத்தார்கள், வைத்த பிறகு பக்கத்துக் கிணறும் மீளும் வாய்ப்பை இழந்தது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன.

மரத்தின் வேரைவிட மரம் வைக்கும் முறை கேடு செய்யும் இடங்களும் உண்டு. மழைநீர் தோட்டத்தை விட்டு வெளியே போகாமல் இருக்கச் சுற்றிலும் கரையும் குறுக்குப் பள்ளங்களும் வெட்டுவது தோட்ட நிர்வாகத்தின் வழக்கம். ஏட்டில் அது மழைநீர்ச் சேகரிப்பு. ஆனால் அந்த நிலம் ஒரு கண்மாயின் வரத்துப் பகுதியாக இருந்தால், கண்மாய்க்கு வர வேண்டிய நீர் வழியிலேயே தேங்கி மரத்துக்குப் போய்விடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து விவசாயிகள் வனத்தோட்டங்களைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார்களில் இதுவும் ஒன்று. வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று வாதிடுபவர்கள் இந்த முழங்கால் ஆழப் பள்ளத்தைக் கவனிப்பதில்லை.

தோப்பை ஒட்டிய வயலின் ஓரத்தில் நின்று பார்த்தால் இன்னொரு செய்தி கண்ணுக்கே தெரியும். வயலின் நடுவில் இடுப்பளவு நிற்கும் பயிர் வரப்பை நெருங்க நெருங்கக் குட்டையாகி, கடைசிச் சில வரிசைகளில் கதிரே பிடிக்காமல் மஞ்சளித்துக் கிடக்கும். வரப்பில் ஒரு கடப்பாரை ஆழம் தோண்டினால் விரல் பருமனில் தைல மரத்தின் பக்கவேர் அடுத்தவர் நிலத்துக்குள் நீண்டிருக்கும். நிழலும் சேர்ந்துகொள்ளும். அந்த ஓர வரிசைகளின் நட்டத்துக்கு யாரும் ஈடு கொடுப்பதில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. வரப்போரம் ஒரு பள்ளம் வெட்டி வேரை அறுக்கலாம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப அறுக்க வேண்டும். மூன்று பக்கமும் தோப்பு சூழ்ந்துவிட்ட ஒரு சிறு வயலின் சொந்தக்காரர் கடைசியில் தாமும் அதே கன்றை வாங்கி நடுகிறார். புள்ளிவிவரத்தில் இவரும் விரும்பி மாறியவராகவே எண்ணப்படுவார்.

மண் பற்றிய குற்றச்சாட்டுகளில் சில மிகையானவை. நட்ட இடத்தில் இனிப் புல்லே முளைக்காது என்பது எல்லா இடத்துக்கும் உண்மையன்று. மழை மிகுந்த பகுதிகளில் தோப்பின் அடியில் செடிகொடிகள் தாராளமாக வளர்கின்றன. வறண்ட பகுதிகளில்தான் நிலம் மொட்டையாகத் தெரிகிறது, அதற்கு நீர்ப் போட்டியும் ஒரு காரணம். இலைச் சருகில் உள்ள எண்ணெய்களும் பீனால் சேர்மங்களும் பிற விதைகளின் முளைப்பைத் தடுப்பது ஆய்வுக்கூடங்களில் காட்டப்பட்டிருக்கிறது. தடித்த அந்தச் சருகு மட்குவதும் மெதுவாகவே. மண்ணை உண்மையில் இளைக்கவைப்பது குறுகிய காலச் சுற்றுகளில் திரும்பத் திரும்ப வெட்டி, கிளையும் பட்டையுமாக அள்ளிக்கொண்டு போவதுதான். மரத்தின் சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு பட்டையில் இருக்கிறது. பட்டையை உரித்து நிலத்திலேயே போட்டுவிட்டுக் கட்டையை மட்டும் ஏற்றினால் இழப்பு கணிசமாகக் குறையும். செலவில்லாத இந்தச் சிறு மாற்றம்கூடப் பல இடங்களில் நடப்பதில்லை. விறகாகவும் பட்டை விலை போகிறது என்பதால்.

தீ ஒரு தனிப் பொருள், சுருக்கமாகச் சொல்லலாம். எண்ணெய் நிறைந்த இலையும், நாடாக்களாக உரிந்து தொங்கும் பட்டையும், காற்றில் பறந்து தொலைவில் விழுந்து மூட்டும் பொறியும் சேர்ந்து இம்மரக் காடுகளை ஆபத்தாக்குகின்றன. போர்ச்சுகலின் காட்டுப் பரப்பில் சுமார் கால்பங்கு இம்மரமே. 2017 ஜூனில் பெத்ரோகாவ் கிராந்தேயில் மூண்ட தீயில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களில் பலர் காரில் தப்பிச் செல்லும்போது சாலையிலேயே இறந்தவர்கள். ஊர் காலியாகி, விவசாயம் நின்று, பராமரிக்க ஆளில்லாத நிலத்தில் மரம் மட்டும் நின்றதும் அந்தத் தீக்குக் காரணம்.

காலியான ஊர் என்பது தற்செயல் இல்லை. ஓர் ஏக்கர் கேழ்வரகு ஒவ்வோர் ஆண்டும் உழவு, விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, தூற்றல் என்று பல கைகளுக்கு வேலை கொடுக்கிறது; களையெடுப்பும் அறுவடையும் பெரும்பாலும் பெண்களின் கூலி. தைல மரம் நட்ட ஆண்டில் குழி தோண்ட ஆள் வேண்டும், பிறகு வெட்டும் ஆண்டில் வேண்டும். வெட்டும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் தம் ஆட்களை லாரியிலேயே கூட்டி வந்துவிடுவார். நடுவில் உள்ள ஆண்டுகளில் நிலமற்ற குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்வி திட்ட அறிக்கையில் இடம்பெறுவதில்லை. அறுவடைக்குப் பின் தாளை மேய்ந்த ஆடுகளுக்கும் மேய்ச்சல் போய்விடுகிறது. குத்தகைக்கு உழுதவர் முதலில் வெளியேற்றப்படுகிறார். ஊரைவிட்டு வெளியே வாழும் உரிமையாளருக்கு, நிலத்தை எவர் கையிலும் கொடுக்காமல் வைத்துக்கொள்ள இதைவிட வசதியான பயிர் கிடையாது. பறிபோவது நீர் மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்தக் கூலிக் கணக்கையும் ஏக்கர் வாரியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு எங்கே கிளம்பியது என்பதும் இதையே சொல்கிறது. 1983-இல் துமகூரு மாவட்டத்தில் விவசாயிகள் வனத்துறை நாற்றங்காலுக்குள் புகுந்து தைல மரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் புளி, மா விதைகளை ஊன்றினார்கள். அடுத்த ஆண்டு கர்நாடக அரசு ஒரு தனியார் ஆலையோடு கூட்டு நிறுவனம் அமைத்து, கிராமத்தார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திவந்த சுமார் 30,000 ஹெக்டேர் பொது நிலத்தைக் கூழ்மரத்துக்கு ஒதுக்கியபோது, 1987-இல் குசனூரில் 'கித்திகோ ஹச்சிகோ', அதாவது பிடுங்கு, நடு என்ற போராட்டம் நடந்தது. நீதிமன்றம்வரை போன அந்த எதிர்ப்பின் முடிவில் 1991-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. இந்தியாவை அறியாத போர்ச்சுகலின் வல்பாசோஸ் ஊர்களில் 1989-இல், ஒலிவ மரங்கள் இருந்த தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளை மக்கள் திரண்டு வந்து பிடுங்கினார்கள். பிடுங்கியவர்கள் எவரும் அந்த மரத்தால் பணம் பார்க்காதவர்கள்.

பணம் பார்க்க நினைத்தவர்களுக்கும் அது எப்போதும் கிடைக்கவில்லை. ஹரியானா, பஞ்சாப், மேற்கு உத்தரப் பிரதேசப் பகுதிகளில் எல்லாரும் ஒரே சமயத்தில் நட்ட மரம் 1980-களின் பிற்பகுதியில் ஒரே சமயத்தில் சந்தைக்கு வர, கழிமரத்தின் விலை சரிந்தது. தானியம் விலை குறைந்தால் வீட்டில் உண்ணலாம். தைல மரத்தை ஆலை எடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே ஆலையைச் சுற்றி நூறு கிராமங்கள் இருந்தால் விலையை யார் சொல்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அரசுகள் இதற்குக் கண்ட வழி பெரும்பாலும் தடை. எத்தியோப்பியாவின் திக்ரை மாநிலம் 1997-இல் விளைநிலத்தில் தைல மரம் நடுவதைத் தடுத்தது. கென்யா 2009-இல் நீர்நிலைகளை ஒட்டிய மரங்களை அகற்ற உத்தரவிட்டது. போர்ச்சுகல் 2017-இல் புதிய தோட்டங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு கர்நாடகமும் தடை விதித்தது. தடையின் குறை, அது நட்டுவிட்ட மரத்தை ஒன்றும் செய்வதில்லை என்பதும், எந்த மண், எந்தச் சரிவு, எந்தக் கண்மாயின் வரத்து என்று பாராமல் எல்லா நிலத்தையும் ஒன்றாக நிறுத்துவதும்தான். தென்னாப்பிரிக்கா வேறு வழியில் போயிற்று. அதன் 1998-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் வணிக மரத்தோட்டத்தை 'ஓடைநீரைக் குறைக்கும் செயல்' என்று வகைப்படுத்தியது. மோட்டார் வைத்து ஆற்றிலிருந்து நீர் எடுப்பவரைப்போல, மரம் வளர்ப்பவரும் நீரைப் பயன்படுத்துபவராகக் கருதப்பட்டு உரிமம் பெற வேண்டும். மரம் நடுவது நிலத்துக்காரரின் சொந்த விஷயம் என்ற எண்ணத்தைச் சட்டத்தின் மொழியிலேயே மறுத்தது அது. நிலத்தடி நீர் நிலத்துக்குச் சொந்தக்காரருக்கே சொந்தம் என்று கருதும் நாடுகளில் இப்படியொரு உரிமத்தை நினைத்துப் பார்ப்பதும் கடினம்; ஆனால் கீழேயுள்ள வயல்காரரின் வாதம் ஏறி நிற்கக்கூடிய படி அதுவாகத்தான் தெரிகிறது.

மறுபடி பயிருக்குத் திரும்ப விரும்புபவர் முதலில் எதிர்கொள்வது அடிக்கட்டைகளை. கோடாரி பட்ட கட்டை சில வாரங்களில் துளிர்க்கும். பொக்லைன் வைத்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தால்தான் ஏர் ஓடும். அந்தச் செலவு சில சமயம் கடைசி வெட்டில் வந்த வருமானத்தையே தின்றுவிடுகிறது. மேல்மண்ணைச் சருகும் எருவும் போட்டு இரண்டு மூன்று போகத்தில் தேற்றிவிடலாம். கீழ்மண்ணின் ஈரம் அப்படித் தேறுவதில்லை. ஒன்பதாம் ஆண்டில் ஓடையை வற்றவைத்த மொகோபுலான் தோட்டத்தின் மரங்களைப் பதினாறாம் ஆண்டில் முழுவதுமாக வெட்டினார்கள். மரம் ஒன்றுகூட இல்லாத அந்த நிலத்தில் பெய்த மழையெல்லாம் முதலில் மண்ணுக்குள் போயிற்று. ஓடை பழையபடி ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது, வெட்டி ஐந்து ஆண்டுகள் கழித்து.